புல்லும் சோலையும் பிரியும் கோடு

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வழியில் கண்ணயரக் கூடாது. ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் இருபுறமும் முள்காடு. வேலமும் கள்ளியும் மண்டி, பாறைகள் வெயிலில் வெந்து கிடக்கும். சின்னாற்றுப் பாலத்தோடு கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்கிவிடும். காடு மட்டும் மாறாது. நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலை அணிலும் வாழும் வறண்ட காடு அது. மேலே ஏறினால் மறையூர். கம்பிவேலிக்குள் சந்தன மரங்கள், பள்ளத்தில் கரும்பு, வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர்ச் சர்க்கரையை இங்கேதான் உருண்டை பிடிக்கிறார்கள். அதற்கும் மேலே தேயிலை. இராஜமலை பக்கம் வந்து நிமிர்ந்தால், மேகத்துக்குள் ஏறிப்போகும் புல்வெளிகளும் அவற்றின் மடிப்புகளில் கருத்துக் கிடக்கும் சோலைகளும் தெரியும்.

சின்னாறு செக்போஸ்ட்டுக்கும் ஆனைமுடிக்கும் நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. கீழே ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 500 மில்லிமீட்டர் மழை, அதுவும் ஐம்பதுக்கும் குறைவான நாட்களில். மேலே அது 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அரபிக்கடலிலிருந்து ஈரம் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று இந்த மலைச்சுவரில் ஏறித்தான் ஆக வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குளிரும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது. மேகமாகி, மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்க்கும். முகட்டைக் கடந்து கிழக்கே இறங்கும்போது காற்று மறுபடி சூடாகும். மிச்சமிருக்கும் ஈரம் மழையாகாமல் அதிலேயே தங்கிவிடும். மழை மறைவுப் பிரதேசம் என்று பள்ளியில் ஒரு வரியில் படித்ததை, ஒரே முற்பகலில் தோலில் உணர வைக்கிறது இந்தச் சாலை.

தண்ணீரும் இங்கே இரண்டாகப் பிரிகிறது. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி, இமயத்துக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயர்ந்த சிகரம். அதன் கிழக்குச் சரிவில் பிறக்கும் பாம்பாறு, கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று. தூவானம் அருவியாக விழுந்து, அமராவதி அணையில் நிறைந்து, கடைசியில் காவிரியில் சேர்கிறது. மேற்கே விழும் மழை பெரியாற்றோடு அரபிக்கடலுக்குப் போகிறது. கரூர்ப் பக்கத்து வயலில் பாயும் நீரில் ஒரு பங்கு இந்தப் புல்வெளியில் ஊறி வந்தது என்பதை அங்கே போகும் தமிழர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

1972 ஜனவரியில் உருவான இடுக்கி மாவட்டத்துக்குள் இன்று ரயில் பாதையே கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. மூணாறின் தேயிலையைக் கொண்டுபோக 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி வந்தது; 1908இல் அது சிறு ரயிலானது. பள்ளத்தாக்கின் கோடியிலிருந்த டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் போய்ச் சேர்ந்தன. 1924இல் வந்த பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. கொல்லம் ஆண்டுக் கணக்கில் 99ஆம் ஆண்டு வெள்ளம் என்று கேரளத்தில் இன்றும் சொல்வார்கள். டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

வண்டியிலிருந்தே பார்த்துவிடக்கூடியவை இவ்வளவுதான். மற்றதற்கு நடக்க வேண்டும்.

மலையேறுபவர்கள் பெரும்பாலும் சிகரங்களைப் பட்டியலிடுகிறார்கள். மீசைப்புலிமலை 2,640 மீட்டர், அடுத்தது என்ன என்று போகிறது பேச்சு. அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மாவட்டத்தின் பெரிய அதிசயம் உச்சியில் இல்லை. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, புல் முடிந்து சோலை தொடங்கும் ஓரத்தில் இருக்கிறது. அந்த ஓரத்தை எல்லோரும் மிதித்துக் கடக்கிறார்கள், நின்று பார்ப்பவர்கள் குறைவு.

ஒருமுறை நின்று பாருங்கள். இந்தப் பக்கம் முழங்கால் உயரப் புல், முகத்தில் அறையும் காற்று, கண் கூசும் வெளிச்சம். நாலு எட்டு வைத்தால் அந்தப் பக்கம். காற்று அடங்கிவிடும், வெளிச்சம் மங்கும், மண் மெத்தென்று கால் புதையும். மரங்கள் உயரமில்லை, பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்குள்தான். முறுக்கிக்கொண்ட கிளைகள், இடைவெளியில்லாத தலைகள். கிளை தெரியாமல் பாசி, பாசிமேல் பெரணி, பெரணிக்கு நடுவே ஆர்க்கிட். தளிர்கள் பச்சையாக இல்லாமல் செம்பு நிறத்தில் இருக்கும். உயரத்துக் கடும் வெயிலிலிருந்து இளம் இலையைக் காப்பது அந்தச் சிவப்பு நிறமி. மழையே பெய்யாத நாளிலும் மேகம் உள்ளே புகுந்தால் பாசியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடியும். மழைமானியில் ஏறாத அந்த ஈரமும் ஓடைக்குத்தான் போகிறது.

இரண்டு பக்கமும் விழுவது ஒரே மழை, அடிப்பது ஒரே காற்று. அப்படியிருக்க மலை முழுவதையும் ஏன் சோலை மூடவில்லை? புல் எப்படி நின்றது?

பிரிட்டிஷ் காலத்து வனத்துறையினர் பலருக்கு இதற்கு ஒரு சுலபமான பதில் இருந்தது. ஒரு காலத்தில் எல்லாம் காடுதான். மனிதர்கள் வெட்டியும் எரித்தும் மாடு மேய்த்தும் புல்லாக்கிவிட்டார்கள் என்று நம்பினார்கள். இப்படி நம்பியதால் வந்த விளைவு பெரிது. புல்வெளி தரிசு என்று எண்ணப்பட்டது. தரிசில் மரம் நடுவது நற்காரியம் ஆனது. தோல் பதனிடப் பட்டை தரும் வாட்டில் மரமும், தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு விறகு தரும் கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸும் இப்படித்தான் மலையேறின. இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை.

அந்த நம்பிக்கை தவறென்று காட்டியது நீலகிரியின் சதுப்புக் குழிகளில் இருந்த கரிய சேறு. ஈரம் வடியாத பள்ளத்தில் செத்த புல்லும் இலையும் முழுதாக மட்குவதில்லை; ஆண்டுக்கு ஆண்டு அடுக்கடுக்காகப் படிந்துவிடும். செடிகள் காற்றிலிருந்து கார்பனைப் பிடிப்பதில் இரு முக்கிய வழிகள் உண்டு. மரங்கள் ஒரு வழியைப் பின்பற்றுகின்றன, வெப்ப நாட்டுப் புற்களில் பல இன்னொன்றை. இரண்டிலும் கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பன் சேரும் அளவு வேறுபடும். செடி மக்கினாலும் அந்த விகிதம் சேற்றில் தங்கிவிடும். ஆக, எந்த அடுக்கு மரத்திலிருந்து வந்தது, எது புல்லிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லலாம். ஆர். சுகுமாரும் ஆர். ரமேஷும் மற்ற ஆய்வாளர்களும் 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை இப்படிச் சுமார் 20,000 ஆண்டுகளைப் பின்னோக்கிப் படித்தது. பனியுகத்தின் உச்சத்தில் பருவமழை தளர்ந்திருந்தபோது புல் ஓங்கியிருந்தது. பிறகு மழை வலுத்தபோது மறுபக்கம் ஓங்கியது. உழவும் மாடும் இந்த உயரத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே புல் இங்கே குடியிருந்தது. இடுக்கியின் உயரங்களில் இருப்பதும் இதே சோலை, இதே புல் அமைப்பு.

சரி, பழமை நிரூபணமாகிவிட்டது. இன்றும் கோடு கலையாமல் நிற்பது எதனால்? விடை ஜனவரி இரவில் இருக்கிறது. மூணாறில் உறைபனி என்று ஒவ்வொரு குளிர்காலத்திலும் செய்தி வரும். செண்டுவாரைப் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் படத்தைப் பார்த்துவிட்டுக் கார்கள் கிளம்பும். மேகமற்ற இரவில் திறந்த நிலம் பகலில் வாங்கிய சூட்டை வானத்துக்குள் இழந்துவிடுகிறது. தரையோரக் காற்று பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். புல்லின் மேல்பகுதி கருகும், ஆனால் அதன் வளர்நுனி மண்ணை ஒட்டி இருக்கிறது; வெயில் வந்ததும் மறுபடி துளிர்க்கும். மரக்கன்றின் வளர்நுனியோ உச்சியில் இருக்கிறது. அதன் செல்களுக்குள் நீர் உறைந்தால் கன்று போய்விடும். சோலைக்குள் அப்படி நடப்பதில்லை. நெருங்கிய மரத்தலைகள் தரையின் சூட்டைப் போர்வை போலப் பிடித்து வைப்பதால் உள்ளே உறைபனி விழுவதில்லை. சோலையின் விதை சோலைக்குள் விழுந்தால் பிழைக்கும், புல்லில் விழுந்தால் முளைத்தாலும் ஒரு குளிர்காலம் தாண்டாது. காடு தன்னைக் காடாகவே வைத்துக்கொள்கிறது, புல் புல்லாகவே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவிலான நிலை நிலைப்பதில்லை. அதனால்தான் கோடு அவ்வளவு கூர்மை.

இந்த விளக்கம் நீண்ட காலம் ஊகமாகவே இருந்தது. பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் மூவரும் நீலகிரியில் கன்றுகளைப் புல்வெளியில் நட்டுப் பார்த்தார்கள். முடிவு 2020இல் வெளிவந்தது. சோலை மரக்கன்றுகள் உறைபனியில் மடிந்தன. வாட்டில் கன்றுகள் தாங்கிக்கொண்டன. இந்தக் கடைசிச் செய்திதான் கவலைக்குரியது. பல்லாயிரம் ஆண்டுகளாகக் குளிர் காத்து வந்த எல்லை, இந்த விருந்தாளி மரத்துக்கு எல்லையே இல்லை. அதன் விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். இரவுகள் சூடேறி உறைபனி குறைந்தால் அதன் வேலை இன்னும் எளிதாகும்.

புல்லுக்கு நடுவே தனித்து நிற்கும் ஒரே ஒரு உள்ளூர் மரம் பலர் கண்ணில் படும். தண்டில் தடித்து வெடித்த பட்டை, கிளை நுனியில் ரத்தச் சிவப்பில் கொத்துக்கொத்தாகப் பூ. இது ரோடோடென்ட்ரான், மலையாளத்தில் காட்டுப் பூவரசு. அந்தத் தடித்த பட்டைதான் புல்வெளித் தீயைக் கடக்க உதவுகிறது. இதன் மிக நெருங்கிய உறவினர்கள் இரண்டாயிரம் கிலோமீட்டர் வடக்கே இமயத்தில் வாழ்கிறார்கள். இடையிலுள்ள சமவெளி முழுவதும் அதற்கு ஆகாத வெப்பம்.

கோட்டின் இரு பக்கத்துக்கும் தனித்தனிக் குடிமக்கள் உண்டு. புல்வெளியின் பக்கம் வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு, ஆனால் ஒரே இடத்தில் மிக அதிகமாக வாழ்வது இடுக்கியின் இரவிகுளத்தில். தோட்டத்துரைகள் வேட்டைக்கென்று காத்து வைத்திருந்த நிலம் அது; 1971இல் கேரள அரசு சட்டம் போட்டு மீட்டது, 1975இல் சரணாலயமாகி 1978இல் தேசியப் பூங்காவானது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். வரையாட்டை இமயத்து ஆட்டின் தம்பி என்றே விலங்கியலாளர்கள் நெடுங்காலம் கருதினார்கள். 2005இல் மரபணுவைப் பார்த்தபோது அது செம்மறி இனத்துக்குத்தான் நெருக்கம் என்று தெரிந்தது. மேய்வதற்குப் புல்லும் சிறுத்தை துரத்தினால் தாவி இறங்கப் பாறைச்சரிவும் அதற்கு அருகருகே வேண்டும். புல்லில் மரம் ஏறிவிட்டால் இரண்டும் போய்விடும்.

சோலையின் பக்கம் சோலைக்கிளி. பெயரைக் கேட்டுப் பச்சைக்கிளியைத் தேட வேண்டாம். கருநீல உடலும் வெள்ளை வயிறும் கொண்ட சிட்டளவுப் பறவை; தரையை ஒட்டிய இருட்டில் பூச்சி பொறுக்கும். வெயில் விழும் திறந்த வெளியைக் கடந்து பறக்க அதற்கு மனமில்லை. ஆகவே ஒவ்வொரு மலைத்தொகுதியும் அதற்கு ஒரு தீவு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே ஆனைமலை, பழனிமலைகளில் வேறு, செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே மூன்றாவது. 2017இல் இந்தப் பறவைகளுக்கென்றே ஷோலிகோலா என்ற தனிப் பேரினம் வகுக்கப்பட்டது. மூணாறில் நாம் காண்பது நடுத் தீவின் பறவை.

இன்னும் தாழ்வாகக் குனிந்தால் தவளைகள். இரவிகுளத்தின் உச்சிகளில் 2010இல் விவரிக்கப்பட்ட ஒரு புதர்த்தவளை உண்டு. கட்டைவிரல் அளவுதான், செம்மஞ்சள் உடல்மேல் மேடு மேடாகச் சுரப்பிகள். உலகில் வேறெங்கும் இல்லை. இந்தப் புதர்த்தவளைப் பேரினத்தின் முட்டைக்குள் நடப்பதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. தவளை என்றால் குளம், குளம் என்றால் தலைப்பிரட்டை என்றுதான் படித்திருக்கிறோம். இவற்றுக்குக் குளமே வேண்டாம். தலைப்பிரட்டைப் பருவம் முழுவதும் முட்டைக்குள்ளேயே நடந்து முடியும். நான்கு காலோடு முழுத் தவளையாகவே குஞ்சு வெளியே வரும். தேங்கிய நீர் அரிதாக உள்ள சரிவில், ஈரக் காற்றே போதுமென்று அமைந்த பிறப்பு. அந்த ஈரத்தை மேகமும் புல்லும் சோலையும் சேர்ந்து தருகின்றன. ஒன்று குறைந்தால் முட்டை காய்ந்துவிடும்.

நீலக்குறிஞ்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், எல்லோரும் அறிந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மலையின் செடிகள் ஒன்றாகப் பூத்து, விதைத்து, மடியும். விதை தின்னும் உயிர்களால் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே நேரத்தில் கொட்டுவதால் மிச்சம் முளைக்கிறது என்பது பரவலான விளக்கம். 2018இல் இரவிகுளத்தில் பூத்தது, ஆனால் அந்த ஆகஸ்ட்டில் வெள்ளம் வந்து சாலைகளை அறுத்ததால் பார்த்தவர்கள் குறைவு. இனி 2030. அதற்கிடையில் வேறு மலைகளில் வேறு கணக்கில் பூக்கும். 2022இல் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறை நீலமானது. போனவர்களில் சிலர் செடியைப் பிடுங்கி வந்தார்கள். விதைக்குமுன் பிடுங்கிய செடிக்கு அடுத்த தலைமுறை இல்லை.

மலை அழகாக இருப்பதாலேயே அபாயம் இல்லை என்று ஆகாது. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து தேனி மாவட்டத்துக் குரங்கணிக்கு இறங்கியவர்கள் புல்வெளித் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மார்ச்சில் அந்தப் புல் முறுகக் காய்ந்திருக்கும். சரிவில் தீ மேல்நோக்கி ஏறும்போது மேலுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டே போவதால் ஓடும் மனிதனை முந்திவிடும். 2020 ஆகஸ்ட் 6 இரவு, இரவிகுளத்தை ஒட்டிய பெட்டிமுடியில் கொட்டிய மழையில் சரிவு வழிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது பேர். பெரும்பாலும் தலைமுறைகளாக அங்கே கொழுந்து பறித்த தமிழ்க் குடும்பங்கள். பாறைமேல் மெல்லியதாகப் படிந்த மண் தாங்கக்கூடியதைவிட அதிக நீர் குடித்தால் மொத்தமாக நழுவும். மூணாறு போகும் தமிழர்கள் தேயிலையின் பசுமையைப் படமெடுக்கும்போது அந்தப் பசுமையை உண்டாக்கியவர்களையும் நினைக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் ஏறக் கூடாது. வழிகாட்டி என்பவர் பாதை காட்ட மட்டும் இல்லை. சின்னாற்றிலும் இரவிகுளத்திலும் முதுவர் பழங்குடியினர் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் இருக்கிறார்கள். எந்தச் சரிவை எப்போது சிறு தீயிட்டால் பெருந்தீ வராது என்ற அறிவு அவர்களுடையது. தேக்கடியில் இன்னொரு கதை. ஒரு காலத்தில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து வயணா மரத்தின் பட்டையை உரித்து விற்றவர்களும் வேட்டையாடியவர்களும் 1990களின் பிற்பகுதியில் வனத்துறையோடு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வழக்குகளோடு ஓடிக்கொண்டிருந்தவர்கள் சுற்றுலா வழிகாட்டிகளானார்கள், ரோந்தும் போகிறார்கள். காட்டின் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் அவர்களுக்கு முன்பே தெரியும். இயற்கைச் சுற்றுலா என்று நாட்டில் நடக்கும் பலவற்றில் இதுதான் என் மனதுக்கு நெருக்கமானது.

பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும் காலமென்று இரவிகுளத்தை மூடுவார்கள். தீ பிடிக்கும் பருவமும் அதுவே. மழை ஓய்ந்த அக்டோபருக்குப் பிறகு போகலாம். அட்டைக்கு நீளமான துணிக் காலுறை போதும். கடித்தால் பதற வேண்டாம், ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் உமிழ்நீரில் இருப்பதால்தான் அட்டை விழுந்த பிறகும் கசிகிறது, தானே நிற்கும்.

ஏறியதும் வழிகாட்டியிடம் சொல்லி ஒரு சோலையோரத்தில் நில்லுங்கள். சோலைக்குள் குனிந்து பார்த்தால் மரக்கன்றுகள் நிறைய இருக்கும். பிறகு புல் பக்கம் பத்து அடி வந்து அதே கன்றுகளைத் தேடிப் பாருங்கள். கிடைப்பது அரிது. இறகு போல நுண்ணிய இலையோடு ஒரு கன்று புல்லுக்குள் செழிப்பாக நின்றால் அது பெரும்பாலும் வாட்டில், வழிகாட்டியிடம் காட்டுங்கள். ஆனைமுடிச் சோலை தேசியப் பூங்காவின் பழத்தோட்டம் பகுதியில் வளர்ந்த வாட்டில் காட்டையே அகற்றிவிட்டு, உள்ளூர்ப் பழங்குடி மக்களும் வனத்துறையும் சேர்ந்து பழைய புல்லைக் குத்துக் குத்தாக மறுபடி நட்டிருக்கிறார்கள். நாற்றங்காலில் புல் வளர்த்து, மலைமேல் சுமந்து போய், கையால் ஊன்றும் வேலை அது.